மூலையில்லாத வீடு

ஐஸ்ஹவுஸ் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பஸ் நிறுத்தம், போலீஸ் ஸ்டேஷன், மீன் வாங்கப் போகிறவர்களுக்கு மீன். கொஞ்சம் விஷயம் தெரிந்தவராக இருந்தால், "விவேகானந்தர் தங்கிய வீடு ஆயிற்றே!" என்பீர்கள். இன்னும் கொஞ்சம் தெரிந்தவராக இருந்தால், "அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைப் போட்டு வைத்திருந்த கிடங்கு" என்று ஒரு படி மேலே போவீர்கள். இரண்டும் வாஸ்தவந்தான். ஆனால் பனிக்கட்டியும் போய், சுவாமிஜியும் போன பிறகு அந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் மட்டும் அப்படிப் பிதுக்க முடியாது. எங்களுக்கு ஐஸ்ஹவுஸ் என்பது இடத்தின் பெயர் அல்ல. ஒரு மனுஷியின் பெயர். என் பாட்டிக்கு ஓர் அத்தை இருந்தாள். வீட்டில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் 'ஐஸ்ஹவுஸ் அத்தை'. ஏதோ அந்தப் பக்கம் குடியிருந்தவள் போலிருக்கிறது என்று நான் வெகு நாள் நினைத்துக் கொண்டிருந்தேன். பெரியவர்களும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தார்கள்.

முதலில் வீட்டின் கதையைச் சொல்லி விடுகிறேன். பாஸ்டன் நகரத்தில் பிரெடெரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. குளிர்காலத்தில் அந்த ஊர் ஏரிகள் உறைந்து பாறை மாதிரி ஆகி விடும். சும்மா கிடக்கிற இந்தப் பனிக்கட்டியை அறுத்து, வெயிலில் வாடுகிற தேசங்களுக்கு அனுப்பினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஊரார் சிரித்தார்கள். குதிரைகளைப் பூட்டி, ஏர் உழுவது போல ஏரியின் மேல் கோடு கிழித்து, சதுரம் சதுரமாக அறுத்தெடுத்து, மரத்தூளைச் சுற்றிலும் அடைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். 1833-ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் சுமார் 180 டன் இருந்தது. நான்கு மாதக் கடல் பிரயாணத்துக்குப் பிறகும் ஏறக்குறைய 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. பிறகு கேட்கவா வேண்டும்! கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊர்களிலும் ஐஸ் கிடங்குகள் எழும்பின. சென்னைக் கிடங்கு 1842-ல் வந்தது. மற்ற இரண்டும் இடிந்து போய் விட்டன. நம்முடையது மட்டும் நிற்கிறது.

துரைமார்களின் கோப்பைகளைக் குளிர வைத்த இந்த வியாபாரம், உள்ளூரிலேயே இயந்திரம் வைத்து ஐஸ் செய்யத் தொடங்கியதும் படுத்து விட்டது. காலிக் கிடங்கை ஹைகோர்ட் வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். வெயில் உள்ளே வரக் கூடாதென்று கட்டிய கட்டடத்தில் மனிதர்கள் எப்படிக் குடியிருப்பது? ஜன்னல்களும் வளைந்த தாழ்வாரங்களும் வைத்து அதை வீடாக்கி, தாம் மதித்த நீதிபதி கெர்னனின் பெயரால் 'காஸில் கெர்னன்' என்று பெயரும் சூட்டினார். 1897 பிப்ரவரியில், மேல்நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியது இங்கேதான். அவர் அனுப்பி வைத்த சுவாமி ராமகிருஷ்ணானந்தரும் சில வருஷம் இங்கே இருந்தார். பிலிகிரி ஐயங்கார் காலமான பின், 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது, கை மாறியது. 1917-ல் அரசாங்கம் அதை வாங்கியது.

எதற்காக வாங்கியது? இங்கேதான் நம் கதை ஆரம்பம்.

சகோதரி சுப்புலட்சுமி என்ற பெயரை உங்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். 1886-ல் பிறந்தவர். பதினொரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே அந்தப் பிள்ளையாண்டான் இறந்து போனான். அந்தக் காலத்து வழக்கப்படி அடுத்து நடக்க வேண்டியது என்ன என்று பழைய கதைகள் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் பெண்ணின் தலையில் கத்தி வைக்கச் சம்மதிக்கவில்லை. கையில் புஸ்தகத்தைக் கொடுத்தார். 1911-ல் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து பி.ஏ. தேறினார் சுப்புலட்சுமி, சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண்மணி என்று அவரைச் சொல்வார்கள்.

அந்தச் சமயம் சர்க்காருக்கு ஒரு சங்கடம். பெண்கள் பள்ளிக்கூடம் திறந்தால் வாத்தியாரம்மா கிடைப்பதில்லை. ஆண் வாத்தியாரிடம் பெண்ணை அனுப்பப் பெற்றோர் தயாரில்லை. கல்யாணமான பெண்ணை மாமியார் வீடு விடாது. கல்யாணமாகாத வயது வந்த பெண்ணோ அந்தச் சமூகத்தில் கிடையவே கிடையாது. ஆக, வீட்டுக்கு வீடு யாருக்கும் வேண்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள் விதவைச் சிறுமிகள்தான். இவர்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினால் இரண்டு கஷ்டமும் ஒரே வழியாகத் தீருமே என்று பெண்கள் பள்ளிகளின் இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற மாது நினைத்தார். சுப்புலட்சுமியும் அதையேதான் நினைத்துக் கொண்டிருந்தார். எழும்பூரில் நான்கு சிறுமிகளுடன் விடுதி தொடங்கியது. சமையலுக்கும் மேற்பார்வைக்கும் அவருடைய சித்தி வாலாம்பாள். அவரும் இளம் வயதில் கணவனை இழந்தவர். பெண்கள் பெருகப் பெருக இடம் போதவில்லை. கடைசியில் கடலோரத்து ஐஸ்ஹவுஸ் வந்து சேர்ந்தது.

எங்கள் அத்தை அங்கே வந்தது 1919-ல். வயது பதினொன்று. தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு கிராமம். எட்டு வயதில் கல்யாணம், பத்து வயதில் எல்லாம் முடிந்தது. இதைப் பாட்டி சொல்லும்போது குரல் மாறுவதே இல்லை. அரிசி விலை சொல்வது போலச் சொல்வாள். மாறுவது அடுத்த இடத்தில்தான்.

"நாவிதனுக்கு நாள் பார்த்துச் சொல்லி அனுப்பியாச்சுடி. வெள்ளிக்கிழமை கூடாது, அமாவாசை கூடாதுன்னு ஒரு நாள் தள்ளிப் போச்சு. அந்த ஒரு நாள்தான். அம்மாக்காரி ராத்திரி அகத்துக்காரர் காலைப் பிடிச்சிண்டாளாம். 'இவளை எங்கேயாவது கொண்டு விட்டுடுங்கோ, நாளைக்குக் கார்த்தாலே நான் பார்க்கப்படாது'ன்னாளாம். விடியறதுக்குள்ளே வண்டி கட்டி ஸ்டேஷனுக்குப் போயாச்சு."

கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் ஒன்றும் பெரிய சீர்திருத்தக்காரர் அல்லர். பத்திரிகையில் படித்த ஒரு விலாசந்தான் அவருக்குத் தெரியும். ரெயிலில் எழும்பூர் வந்து, ஜட்காவில் கடற்கரைக்குப் போய், பெண்ணை விட்டு விட்டு அதே ராத்திரி ரெயிலில் திரும்பி விட்டார். ஊரில் அவரை ஆறு மாதம் யாரும் சிராத்தத்துக்குக் கூப்பிடவில்லையாம்.

அத்தை அங்கே எப்படி இருந்தாள் என்று கேட்டால், அவள் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். முதல் நாள் இரவு அலைச் சத்தம் கேட்டு, ரெயில் இன்னும் ஓடிக் கொண்டே இருக்கிறது என்று நினைத்தாளாம். காலையில் ஜன்னலைத் திறந்தால் ஒரே தண்ணீர். சாப்பாடு இரண்டு வேளையும் உண்டு என்று தெரிந்ததும், 'நமக்குமா?' என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டாளாம். இன்னொன்றைப் பாட்டி சிரித்துக் கொண்டே சொல்வாள். கிராமத்தில், துக்கம் நடந்த நாளிலிருந்து அத்தைக்கு ரேழி உள்ளில் ஒரு மூலை ஒதுக்கி, "மூலையை விட்டு வராதே" என்று வைத்திருந்தார்கள். இங்கே வந்ததும், பழக்க தோஷத்தால் உட்காருவதற்கு ஒரு மூலையைத் தேடினாள். வளைந்து வளைந்து போகிற தாழ்வாரம். எங்கே போனாலும் சுவர் திரும்பிக் கொண்டே போகிறது. "எனக்கு அந்த ஆத்திலே மூலையே கிடைக்கலைடி" என்பாளாம் அத்தை.

அங்கே எல்லாம் புரட்சியாக நடந்தது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. ஆசாரம் கொஞ்சமும் குறையவில்லை. குறைந்திருந்தால் ஒரு தகப்பனும் பெண்ணைக் கொண்டு வந்து விட்டிருக்க மாட்டான். சகோதரிக்கு அது நன்றாகத் தெரியும். மடி, பூஜை, விரதம் எல்லாம் உண்டு. சர்க்கார் கணக்கில் அது பிராமண விதவைகளுக்கான விடுதி, மற்றவர்களுக்கு இடமில்லை. இன்று படிக்கிற நமக்கு இது நெருடத்தான் செய்கிறது. எனக்கும் நெருடுகிறது. அதே சகோதரி அந்தக் கடற்கரைக் குப்பத்துக் குழந்தைகளுக்காகப் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே சமயத்தில் எத்தனை கதவுகளைத் தள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் போலும்.

1922-ல் பக்கத்திலேயே லேடி வில்லிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. அதற்கும் சகோதரியே தலைவி. ஐஸ்ஹவுஸ் பெண்களுக்கு எட்டி நடந்தால் கல்லூரி. எங்கள் அத்தையும் அங்கே செகண்டரி கிரேடு பயிற்சி முடித்து, ஜில்லா போர்டு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக மாற்றல். தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக் கொண்டு, சம்பளத்தில் பாதியைத் தம்பிகளுக்கு அனுப்பினாள்.

அந்தத் தம்பிகளின் வீட்டுக் கல்யாணங்களுக்கு அவளுக்கு அழைப்பு வரும். கூடவே ஒரு வரியும் வரும். முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டு நேரத்துக்கு வந்தால் போதும் என்று. எதிரே வந்தால் சகுனம் சரியில்லையாம். மாதம் முதல் வாரத்தில் எதிரே வருகிற மணியார்டருக்கு மட்டும் யாரும் சகுனம் பார்த்ததாகத் தெரியவில்லை! என் பாட்டி எஸ்.எஸ்.எல்.சி. படித்தது அந்தப் பணத்தில்தான். டைப்ரைட்டிங் பாஸ் செய்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போனதும் அந்தப் பணத்தில்தான். "பொண்ணு வேலைக்குப் போகப்படாது" என்று பாட்டியின் அப்பா குதித்தபோது, அத்தை ஒரு கார்டு போட்டாளாம். மூன்றே மூன்று வார்த்தை. 'அப்படியானால் பணத்தைத் திருப்பு.' மறு மாதம் பாட்டி வேலையில் சேர்ந்தாள்.

சகோதரி சுப்புலட்சுமி 1952 முதல் 1956 வரை மேல்சபை அங்கத்தினராக இருந்தார், 1958-ல் பத்மஸ்ரீ விருது வந்தது, 1969-ல் காலமானார். அவர் வளர்த்த சாரதா வித்யாலயத்தை 1938-லேயே ராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைத்து விட்டார். விடுதி போன பிறகு ஐஸ்ஹவுஸில் பயிற்சி மாணவிகள் தங்கினார்கள். சுவாமிஜியின் நூற்றாண்டான 1963-ல் 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் மாறியது. 1997-ல் ராமகிருஷ்ண மடத்திடம் வந்த பிறகு வீடு சீராகி, உள்ளே கண்காட்சியும் அமைந்திருக்கிறது.

போன மாதம் பாட்டியை அழைத்துக் கொண்டு போனேன். 88 வயதில் அவளால் மாடி ஏற முடியவில்லை. வெளியே நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார வைத்தேன். உச்சியில் அன்னாசிப் பழம் கவிழ்த்தாற் போலிருக்கும் அலங்காரத்தை வெகு நேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "எந்த ஜன்னல்டி?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? கடல் பார்த்த ஜன்னல்களைக் காட்டினேன். "அத்தனையும் கடல் பார்த்துண்டுதானே இருக்கு" என்று சொல்லி விட்டுத் தண்ணீர் கேட்டாள்.

சாலைக்கு அந்தண்டை மணலில் பள்ளிக்கூடப் பெண்கள் சிலர், செருப்பைக் கையில் பிடித்துக் கொண்டு அலையை நோக்கி ஓடிக் கொண்டிருந்தார்கள். பாட்டி அதையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில்தான் வம்சாவளி விஷயம் வந்தது. என் மாமாவின் சஷ்டியப்தபூர்த்திக்காக, ஐந்து தலைமுறைப் பெயர்களைப் போட்டு ஒரு பெரிய மரம் வரைந்து மாட்டியிருந்தார்கள். தம்பிகள் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், அமெரிக்காவில் பிறந்த பேரன்கள் வரை ஒருவர் பாக்கியில்லை. அத்தை இல்லை. குழந்தையில்லாதவளுக்குக் கிளை ஏது என்று விட்டு விட்டார்களோ, மறந்தே போனார்களோ, கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். மாமாவிடம் சண்டை பிடித்து அந்தப் படத்தை வாங்கி வந்து, நானே அத்தையின் பெயரைச் சேர்த்தேன். (பெயரை இங்கே போடவில்லை, விளம்பரம் அவளுக்குப் பிடிக்காதாம்.)

மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு பாட்டி சரி பார்த்தாள்.

"தம்பி பேருக்கெல்லாம் பக்கத்திலே பி.ஏ., பி.எல்.னு போட்டிருக்கே. இவளுக்கு ஏன் வெறுமே விட்டிருக்கே?"

"என்ன போடட்டும், பாட்டி?"

"செகண்டரி கிரேடுன்னு போடு. பெரிசா எழுது, எனக்குக் கண் தெரியலை."