தவிலின் தொப்பி எங்கே போனது?

கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தை இரண்டு இயர்போன்களில் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர்கள். இளைஞர்கள் ஐ.இ.எம். என்கிறார்கள். ஒன்றில் இருப்பது டைனமிக் டிரைவர், அதாவது சவ்வும் காயிலும் கொண்ட ஒரு குட்டி ஸ்பீக்கர். மற்றதில் இருப்பது பேலன்ஸ்டு ஆர்மச்சர் எனப்படும் வகை. செல்போனில் இயர்போன் செருகும் சின்ன டாங்கிள் மாட்டிக் கேட்டபோது இரண்டுமே நன்றாக இருந்தன. ஆர்மச்சரில் சீவாளியின் உரசல்கூடத் தெளிவாகக் கேட்டது.

பிறகு இரண்டையும் வீட்டிலிருந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஹெட்போன் துளையில் செருகினேன். டைனமிக்கில் மாற்றமே இல்லை. ஆர்மச்சரில் நாகசுரம் காதைக் கிழித்தது. தவிலின் வலந்தலை மட்டும் சடசடவென்று கேட்டது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் அடித்தொனி காணாமலே போய்விட்டது.

ரப்பர் டிப் காதைச் சரியாக அடைக்காவிட்டால் அடித்தொனி ஓடிவிடும் என்பது தெரியும். அதனால் இயர்போனைக் காதிலிருந்து எடுக்காமலே பின்னை மட்டும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன். டாங்கிளில் தொப்பி திரும்பி வந்தது, ஆம்ப்ளிஃபயரில் மறுபடி போனது. பாட்டு அதேதான், காதும் அதேதான். விஷயம் தெரிந்த நண்பர்களைக் கேட்டால், “அதுக்கு வார்மான சோர்ஸ் வேணும்” என்றார்கள். எனக்கு அது பதிலாகவே படவில்லை. ஒரு கருவி இன்னொரு கருவியோடு சேரும், சேராது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

விருதுநகரில் இந்தக் கேள்வியைக் கொண்டுபோக மைக் செட் கடையைவிட நல்ல இடம் எது? பங்குனிப் பொங்கலுக்குப் பராசக்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றித் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டும் ஊர் இது. எனக்குத் தெரிந்த மைக் செட்காரர் ஒருவர், வால்வ் காலத்து ஆம்ப்ளிஃபயரிலிருந்து தொழில் பார்த்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஓம் சேரலை தம்பி, வேறென்ன?” என்றார். ஓம் என்பது மின்தடையின் அளவு.

“சேராட்டி என்ன ஆகும் அண்ணாச்சி?”

“வால்வ் செட்டுல ட்ரான்ஸ்பார்மர் புகைஞ்சிரும். யூனிட்டைக் கழட்டிட்டு ஆம்ப்பை ஏத்துனா அதோட போச்சு.”

சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த அகூஜா ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி முதுகைக் காட்டினார். வரிசையாகத் திருகாணிகள்: காமன், 4, 8, 16, பிறகு 70 வோல்ட், 100 வோல்ட். 16 ஓம் ஸ்பீக்கர் யூனிட் ஒன்று என்றால் 16-ல் கட்ட வேண்டும். இரண்டை இணையாகக் கட்டினால் 8. “இது சின்ன விசேஷத்துக்கு. கோயில்னா நூறு வோல்ட்டுதான். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு லைன் மேட்சிங் ட்ரான்ஸ்பார்மர் போட்டு, ஒரே ஒயர்ல வரிசையா கட்டிக்கிட்டே போகலாம். மொத்த வாட்ஸ் மட்டும் ஆம்ப்பைத் தாண்டக் கூடாது.”

நான் தேடியதற்கான விடை அந்தத் திருகாணி வரிசையிலேயே இருந்தது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள 1840 வரை பின்னே போக வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு மோரிட்ஸ் வான் யாகோபி என்ற பொறியாளர் ஒரு விதியைச் சொன்னார். மின்சாரத்தைக் கொடுக்கும் மூலத்தின் மின்தடையும் அதை வாங்கும் சுமையின் மின்தடையும் சமமாக இருந்தால்தான் சுமைக்கு அதிகபட்சத் திறன் போய்ச் சேரும். தொலைபேசிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நெடுந்தூரக் கம்பியில் வரும் ஒலியில் ஒரு துளியையும் வீணாக்க முடியாது. 600 ஓம் என்ற அளவு அந்த உலகத்தில்தான் நிலைபெற்றது. வால்வ் ஆம்ப்ளிஃபயருக்கும் பொருத்தம் கட்டாயமாக இருந்தது. வால்வுக்குத் தேவையோ ஆயிரக்கணக்கான ஓம், ஸ்பீக்கரில் இருப்பதோ நாலோ எட்டோ. நடுவில் ட்ரான்ஸ்பார்மர் வைத்துத்தான் இரண்டையும் சேர்க்க முடிந்தது. அண்ணாச்சி சொன்ன 4, 8, 16 அந்தக் காலத்தின் மிச்சம்.

1927-ல் பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளீட்டிலேயே கழிக்கும் எதிர்ப் பின்னூட்ட முறையைக் கண்டுபிடித்தார். அதைக் கையாளும் வகையில் கையாண்டால் ஆம்ப்ளிஃபயரின் சொந்த மின்தடை பூஜ்யத்தை நெருங்கிவிடும். சுமை எதுவானாலும் கொடுக்கும் வோல்ட் மாறாது. யாகோபி சொன்ன சமம் இங்கே தேவையில்லை. சுமையைவிட மூலம் மிகச் சிறியதாக இருந்தால் போதும். 100 வோல்ட் லைனில் குழாய்களை வரிசையாகக் கட்டிப்போவதும் இதே முறையில்தான். பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயரின் முதுகில் பக்கத்துப் பக்கத்துத் திருகாணிகளில் இருந்தன.

அப்படியானால் என் வீட்டு ஆம்ப்ளிஃபயரில் என்ன கோளாறு? எதுவுமில்லை. அந்தக் காலத்து ஸ்டீரியோக்களில் ஹெட்போன் துளைக்கென்று தனிச் சுற்று வைக்க மாட்டார்கள். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தையே 300, 400 ஓம் ரெசிஸ்டர் வழியாக இழுத்து விட்டிருப்பார்கள். அன்றைய ஹெட்போன்களுக்கு அது சரியாகவே இருந்தது. 1996-ல் வந்த ஒரு சர்வதேசத் தரம்கூட ஹெட்போன் மூலத்துக்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. அந்த ஸ்டீரியோக்களைச் செய்தவர்கள் காதுக்குள் செருகும் ஆர்மச்சரை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ஆர்மச்சரின் பூர்வீகமே வேறு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் செய்து 1910-ல் கடற்படைக்குக் கொடுத்த ஹெட்போனிலேயே இந்த யுக்தி இருந்தது. இரண்டு காந்தங்களுக்கு நடுவே சமநிலையில் நிற்கும் ஒரு மெல்லிய இரும்புத் தகடு, அதைச் சுற்றிக் காயில். தகடு அசைந்தால் ஒரு ஊசிக்கம்பி சவ்வைத் தள்ளும். மிகக் குறைந்த மின்சாரத்தில் பெரிய சத்தம் வரும். குட்டி பேட்டரியில் நாள் முழுக்க ஓட வேண்டிய காதுகேள் கருவிக்கு இது வரப்பிரசாதம். 1946-ல் ஹ்யூ நோல்ஸ் தொடங்கிய நோல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் அரிசிமணியைவிடக் கொஞ்சமே பெரிய ஆர்மச்சர்களைச் செய்து உலகமெங்கும் காதுகேள் கருவிக்காரர்களுக்குக் கொடுத்தது. அங்கே வேலை பார்த்த மீட் கில்லியன் 1983-ல் எட்டிமோட்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கி, 1991-ல் ஈ.ஆர்.4 என்ற இயர்போனைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஐ.இ.எம். என்று வாங்குகிற பலவற்றுக்கும் அதுதான் முன்னோடி.

அந்த ஈ.ஆர்.4 வரிசையில்தான் என் கேள்விக்கு அச்சடித்த மாதிரி விடை கிடைத்தது. 4எஸ் 100 ஓம், 4பி 27 ஓம். நடுவில் 75 ஓம் அடாப்டர் ஒன்றைப் போட்டால் 4பி-யின் ஒலி 4எஸ் போல ஆகிவிடும், மேல்தொனி கூடும், அடித்தொனி சற்றே அடங்கும். தயாரிப்பாளரே மின்தடையை ஒலி மாற்றும் கருவியாக வைத்திருந்திருக்கிறார்.

காரணம் எளிது. ஆர்மச்சரின் காயிலில் அதிர்வெண் ஏற ஏற மின்மறிப்பும், அதாவது ஒலி மின்சாரத்துக்கான தடையும், ஏறும். பேச்சுக்கு அடித்தொனியில் 20 ஓம், மேல்தொனியில் 80 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மூலம் 1 ஓம் என்றால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் போகும். வித்தியாசம் 0.3 டெசிபல்; யாருக்கும் தெரியாது. மூலம் 330 ஓம் என்றால் மேல்தொனிக்கு அடித்தொனியைப்போல கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு வோல்ட் போய்ச் சேரும். 10 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். தொப்பி காணாமல் போனது இப்படித்தான். டைனமிக் டிரைவரின் மின்மறிப்போ அநேகமாக எல்லாத் தொனிக்கும் ஒன்றே. மூலம் எதுவானாலும் சத்தம் கூடும், குறையும், குணம் மாறாது.

இன்-இயர் மானிட்டரில் உள்ள மானிட்டர் என்ற பெயர் மேடையிலிருந்து வந்தது. சிவகாசியில் பிறந்த நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் 1940-ல் மேடையிலேயே உயிர்விட்டவர். அவர் வளர்ந்த நாடக மேடையில் மைக் கிடையாது. குரல் ஒன்றே கடைசி வரிசை வரை போக வேண்டும். மின்சார ஒலி பெருகிய பிறகோ பாடகருக்குத் தன் குரலே கேட்கவில்லை. காலடியில் ஸ்பீக்கர் வைத்தார்கள், அதன் சத்தம் காதைக் கெடுத்தது. 1995-ல் ஜெர்ரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர், டிரம்ஸ் வாசிக்கும் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதின் அச்செடுத்து அதற்குள் இரண்டு ஆர்மச்சர்களை வைத்துக் கொடுத்தார். வெளிச்சத்தத்தை அடைத்து, குறைந்த சத்தத்திலேயே தெளிவாகக் கேட்கச் செய்ததுதான் அதன் சிறப்பு.

குறைந்த சத்தம் என்பதைப் பட்டாசு செய்யும் நம் மாவட்டத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். வெடிச் சத்தத்துக்கு 1999-ல் வந்த விதி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நூறு வெடி கோத்த சரமென்றால் ஒவ்வொரு வெடிக்கும் அதிலிருந்து 10 டெசிபல் குறைக்க வேண்டும். 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டது. வெடிக்கு இத்தனை கணக்கு எழுதி வைத்திருக்கிறோம். காதுக்குள் செருகுவதற்கு அப்படிக் கணக்குப் பார்ப்பவர் குறைவு. 16 ஓமும் ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபலும் என்று பெட்டியில் போட்டிருக்கும் ஐ.இ.எம்.முக்கு அந்த 110-ஐ எட்ட 0.13 வோல்ட் போதும். எந்தச் செல்போன் டாங்கிளும் அதைக் கொடுத்துவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபல். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும்.

ஆகவே புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. ஐ.இ.எம்.முக்காகப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்காதீர்கள்; திறன் ஒரு பிரச்சினையே இல்லை, அதன் இரைச்சல்தான் காதில் விழும். உங்கள் இயர்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான வெளியீட்டு மின்தடை உள்ள சாதாரண டாங்கிள் போதும். இரண்டை ஒப்பிடும்போது முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். சற்றே உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும், அதை நம்பிப் பணத்தை விடாதீர்கள். டிப் காதை நன்றாக அடைக்கிறதா என்று பாருங்கள். அடைத்துவிட்டால் சத்தத்தை ஒரு படி குறைத்துவிடுங்கள். இயர்போனைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம், காதை முடியாது.