கற்சுவரும் கொடிமுந்திரிகையும்

முந்திரிகை மதுவுக்குப் பெயர்போன ஊருக்கு, மதுவைத் தொட்டறியாத இருவர் போய்க் காண என்ன இருக்கிறது? இத்தாலி நாட்டு ஜெனோவா நகரில் வாழும் எமது மைத்துனர் இவ்வாறு கேட்டுச் சிரித்தார். சென்ற ஆண்டு அவர் வீட்டில் விருந்தினராக நாம் தங்கியிருந்த வேளை அது. மது இல்லாவிட்டால் என்ன, கொடியைப் பார்க்கலாமே என்றார் எமது துணைவியார். அவர் நீர்வேலியிலே, முந்திரிகைப் பந்தலின் கீழ் விளையாடி வளர்ந்தவர்.

அந்தப் பந்தலைப் பற்றித்தான் முதல்நாள் இரவு அக்காளுக்கும் தம்பிக்கும் இடையே பேச்சு நிகழ்ந்தது. மாமனார் காலமான பின்னர் நான்கு பரப்புத் தோட்டமும் கிணறும் ஆளின்றிக் கிடக்கின்றன. அயற்காணிக் கமக்காரர் ஒருவர் அதனைக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். தம்பிக்கு மனம் இசையவில்லை. "அப்பாவின்ரை தோட்டம் அக்கா. வேறை ஆள் கைவைக்க வேண்டாம். அப்பிடியே கிடக்கட்டும்" என்றார். துணைவியார் மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலை, புரட்டாதிச் சனிக்கிழமை, நாம் இருவரும் புகையிரதம் ஏறியபோதும் அவர் அதிகம் பேசவில்லை.

ஜெனோவாவிலிருந்து தென்கிழக்கே லா ஸ்பெற்சியா நோக்கிச் செல்லும் இப்பாதை 1874 ஆம் ஆண்டிலே முழுமையாகத் திறக்கப்பெற்றது. மலை நேரே கடலில் இறங்கும் கரை அது. ஆதலால் வண்டி ஒரு சுரங்கத்தை விட்டு வெளிவந்ததும் மறு சுரங்கத்துள் நுழைகிறது. கண்ணிமைக்கும் நேரம் நீலக்கடல்; பின்னர் மீண்டும் இருள். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் சிங்குவே தெர்ரே வந்துவிடுகிறது. ஐந்து நிலங்கள் என்பது இப்பெயரின் பொருள். மொந்தெரோஸ்ஸோ, வெர்னாற்சா, கோர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே என ஐந்து சிற்றூர்கள் கரையோரமாக நிரைபட்டு நிற்கின்றன. 1997 இல் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 1999 இல் இப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. ஐந்தையும் ஒரே பகலில் ஓடிப் பார்ப்பது பார்த்ததாகாது என்று எண்ணி, இடையிலுள்ள மூன்றை மட்டும் தெரிந்துகொண்டோம்.

முதலில் இறங்கியது வெர்னாற்சா. மஞ்சளும் செம்மண் நிறமும் பூசிய உயர்ந்த வீடுகள், அவற்றின் அடியில் ஒரு சிறு துறைமுகம், நீரின் விளிம்பிலே பழைய தேவாலயம். படத்தில் எழுதினாற் போன்ற ஊர். ஆயினும் இவ்வூரின் நடுவீதியில் நடப்பவர் 2011 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆந் திகதியை நினையாமல் நடத்தல் இயலாது. அன்று சில மணி நேரத்துள் பெருமழை கொட்டியது. மலையிலிருந்து மண்ணும் கல்லும் மரமும் இந்த வீதி வழியே இறங்கின. சேறு நான்கு மீற்றர் அளவுக்கு உயர்ந்து கடைகளையும் வீடுகளின் கீழ்த்தளங்களையும் மூடியது. வெர்னாற்சாவில் மூவர் உயிரிழந்தனர். இன்று அவ்வீதியிற் பிள்ளைகள் குளிர்களி தின்றுகொண்டு செல்கிறார்கள்.

அடுத்த ஊர் கோர்னீலியா. ஐந்தினுள் இஃதொன்றே கடலைத் தொடாதது. ஏறத்தாழ 100 மீற்றர் உயரத்திற் பாறையின்மேல் அமர்ந்திருக்கிறது. புகையிரத நிலையத்திலிருந்து ஏறக்குறைய 380 படிகள் ஏறவேண்டும். நாம் மூச்சு வாங்க நின்ற இடங்களில் எல்லாம் துணைவியார் கடலைப் பாராமல் மலையையே பார்த்தார். "இவ்வளவு கல்லையும் ஆர் சுமந்து அடுக்கினது?" என்று கேட்டார்.

கேட்கத் தகுந்த கேள்வியே. செங்குத்தான அம்மலைச் சரிவு முழுவதும் படிபடியாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியும் ஒரு கற்சுவரால் தாங்கப்பட்டிருக்கிறது. சாந்தோ சீமெந்தோ கிடையாது. கல்லின்மேற் கல், அவ்வளவே. நெடுந்தீவிலே பவளப்பாறைக் கற்களை இவ்வாறு அடுக்கிய மதில்களை எம்மவர் பலர் கண்டிருப்பர். ஆனால் நெடுந்தீவு மதில் வளவை மட்டும் காக்கிறது. இச்சுவரோ மலையையே தாங்குகிறது. இடைக்காலந் தொட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய இச்சுவர்களின் மொத்த நீளம் பல ஆயிரம் கிலோமீற்றர் என மதிப்பிடுகிறார்கள். சாந்தின்றிக் கல்லடுக்கும் இக்கலையை 2018 இல் யுனெஸ்கோ மரபுரிமையாக ஏற்றபோது, இத்தாலியோடு வேறு ஏழு ஐரோப்பிய நாடுகளும் அதற்கு உரிமை பெற்றன.

கடலை மாவையும் தண்ணீரையும் ஒலிவ எண்ணெயையும் கலந்து அடுப்பிற் சுட்ட பரினாத்தா என்னும் பண்டம் எமது சனிக்கிழமை விரதத்துக்கு ஏற்ற உணவாயிற்று. உண்டபின் தோட்டங்களுக்கிடையே செல்லும் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். நமது பந்தலின் கீழ் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். இங்கே கடற்காற்றுக்கு அஞ்சிக் கொடியை இடுப்பளவுக்குத் தாழ்த்திப் படரவிடுவது பழைய வழக்கம். பழம் பறிப்பவர் குனிந்து தவழ வேண்டும்.

பாதையோரத்தில் முதியவர் ஒருவர் இடிந்த சுவரொன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அரைகுறை ஆங்கிலத்தாலும் கையாலும் எமக்கு விளக்கினார். பெருங்கல் அடியில், முகக்கல்லின் பின்னே சிறுகல்லும் சரளையும். மழைநீர் மண்ணிலே தேங்காமல் கல்லிடுக்கால் வடிந்துவிடவேண்டும். ஒரு கல் நழுவினால் அன்றே அதனை எடுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் நீர் தேங்கும். சுவர் வயிறு தள்ளும். பிறகு ஒரு மழை போதும். இது உங்கள் நிலமா என்று கேட்டோம். இல்லையாம். அவருடையது கீழ்ப்படி. இதற்கு உரியவர் மிலானோவில் இருக்கிறாராம். விற்கவும் மாட்டார், பயிரிடக் கொடுக்கவும் மாட்டார், வரவும் மாட்டார். "இது விழுந்தால் என்னுடையதும் விழும்" என்று கூறிவிட்டு அடுத்த கல்லை எடுத்தார்.

ஒரு காலத்தில் ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் பரந்திருந்த இப்பகுதியின் முந்திரிகைத் தோட்டம் இன்று ஏறக்குறைய நூறு ஹெக்டேயராகச் சுருங்கிவிட்டது. இளைஞர் நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சென்றனர். 2011 ஆம் ஆண்டு மண்சரிவுகளை ஆராய்ந்தோர் சிந்திக்கத்தக்க ஓர் உண்மையைக் கண்டார்கள். நெடுங்காலத்துக்கு முன்னரே கைவிடப்பட்டு அடர்ந்த காடாகிவிட்ட படிகள் ஓரளவு தாங்கின. மிகுதியாகச் சரிந்தவை அண்மைக் காலத்திற் கைவிடப்பட்டவையே. மனிதன் கையும் இல்லை, மரத்தின் வேரும் இன்னும் இறங்கவில்லை என்ற நிலையில் இருந்தவை அவை. இதனை நாம் சொன்னபோது துணைவியார் நெடுநேரம் அச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலையில் மனரோலா. செங்குத்தான சரிவிலே ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து செல்லும் சிறு இயந்திர வண்டிகள் பழக்கூடைகளை ஏற்றி இறக்குகின்றன. முன்னாளில் இக்கூடைகளைப் பெண்களும் தலையிற் சுமந்தனர். ஷக்கேத்ரா என்னும் இனிய மதுவுக்கான பழங்களை நிழலிலே பரப்பி உலரவைத்திருந்ததையும் ஓரிடத்திற் கண்டோம். நவம்பர் பிறக்கும் வரை அவை வாடவேண்டும், பின்னரே பிழிவார்கள். சாறு சிறிதே தேறும். அதனால் விலையும் பெரிது. குவளையை நாம் மறுத்ததைக் கண்ட அம்மையார் ஒருவர், வாடிய பழங்களில் ஒரு கைப்பிடியைத் துணைவியாரிடம் கொடுத்தார். அவர் ஒன்றைச் சுவைத்துவிட்டு, மிகுதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

திரும்பும் வண்டியில் அவர் சொன்னார்: "நீர்வேலியிலை சரியிறதுக்கு மலை இல்லைத்தான். ஆனால் இறைக்காத கிணறு பாசி பிடிக்கும். பந்தல் கம்பி துருப்பிடிச்சுச் சாயும். பற்றை வளர்ந்து பக்கத்துக் காணிக்கும் போகும். அந்த மனிசன் எத்தினை நாளைக்கு எங்கடை வேலியையும் சேர்த்துப் பார்ப்பார்?"

இரவு உணவின்போது கைக்குட்டையை அவிழ்த்துப் பழங்களைத் தம்பியின் முன்னே வைத்தார். சுவர் கட்டிய முதியவரின் கதையைச் சொன்னார். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுப்போம் என்றும் சொன்னார். அப்பாவின் நினைவு தோட்டம் விளைந்தால் நிற்கும், கிடந்தால் நில்லாது என்பதற்கு மேல் அவர் வாதிக்கவில்லை.

மைத்துனர் ஒரு பழத்தை எடுத்து வாயிலிட்டுக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு தலைநிமிராமலே சொன்னார்: "கிணத்தடி மாமரத்தை மட்டும் வெட்ட வேண்டாமெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ, அக்கா."