கோவளக் கடலோரம்

குடும்பத்துடன் கடல் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இரும்புலியூரிலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கே சென்றால் கோவளம். (கஸ்ருக்குரிய தூரமன்று, முழுமையாகவே தொழ வேண்டும்.) 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றிய கோட்டை இருந்த ஊர், தமீமுல் அன்சாரி (ரலி) தர்காவால் நம்மவர்க்கு நன்கு அறிமுகமானது.

2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரைப் பகுதியில் உடைமாற்றும் அறைகளும் உயிர்காப்போரும் உண்டு. பெண்மக்களுடன் செல்வோர் அங்கேயே தங்கி மகிழ்வது நலம்.

வடக்கேயுள்ள முட்டுக்காட்டு முகத்துவாரமோ காலாற நடப்பதற்கு மட்டுமே. முழங்காலளவு நீர்தானே என்று பிள்ளைகளை இறக்கிவிடாதீர்கள்! வற்றும் வேளையில் உப்பங்கழி நீர் கடலை நோக்கி விரைந்து இழுக்கும். காலடி மணலும் நகரும். நேற்றைய ஆழம் இன்றிராது. மஃரிபுக்கு முன்பே கரையேறிவிடுங்கள்.