அரை அங்குலத் தளர்வு

மேலப்பாளையத்தில் என் வாப்பா நடத்திய சைக்கிள் கடையில்தான் நான் வளர்ந்தேன். பன்னிரண்டு வயதிலேயே பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டப் பழகிவிட்டேன். டெல்லியில் படித்துக்கொண்டே சைக்கிள் பந்தயப் பயிற்சி பெறும் என் இளைய மகன், விடுமுறைக்கு வந்தபோது தன் சைக்கிளையும் கொண்டுவந்திருந்தான். "செயின் தொய்ந்திருக்கிறது வாப்பா" என்றான். மறுபேச்சின்றி ஸ்பானரை எடுத்தேன்.

அது நாம் ஓட்டும் சைக்கிள் அன்று. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் எழுப்பப்பட்ட சரிவான மரத்தடம் போன்றவற்றில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. பிரேக் இல்லை; ஃப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழன்றே தீரும். வேகத்தைக் குறைக்க, சுழலும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். அந்தச் சைக்கிளில் செயினே பிரேக்.

இதை அறிந்திருந்தும் நான் வழக்கம்போல் சக்கரத்தைக் கையால் பின்னுக்கு இழுத்து நட்டுகளை முடுக்கினேன். நட்டு திரும்புகையில் அச்சும் சிறிது கோணியது. செயினை ஒரே இடத்தில் தொட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தேன்.

அஸர் நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பார்த்தான். இரண்டாவது சுற்றில் செயின் கழன்று சிக்கிக்கொள்ள, பின்சக்கரம் அப்படியே நின்றது. கீழே விழுந்த பிள்ளைக்கு முழங்கை உரிந்துவிட்டது. அவன் உம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் காயத்தைக் கழுவிக் கட்டினாள். அந்த மௌனம் என்னைச் சுட்டது.

"தவறு என்னுடையது வாப்பா" என்று இரவில் அவனிடம் ஒப்புக்கொண்டேன். "அட்ஜஸ்டர் மாட்டிவிடுவோம். நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன். டெல்லியில் நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?" என்றான்.

வாப்பாவின் பழைய தகரப்பெட்டியில் ஒரு ஜோடி கிடைத்தது. அச்சில் மாட்டும் வளையம், அதிலிருந்து நீளும் மரையாணி, சட்டத்தின் பின்முனையில் அமரும் சிறு தகடு, அதன்மேல் ஒரு நட்டு, அவ்வளவுதான். வளையத்தின் துளை பந்தயச் சைக்கிளின் அச்சுக்குச் சிறியதாக இருந்தது. உருண்டை அரத்தால் சிறிது சிறிதாக ராவி ஏற்றினோம்.

பிறகு இருபுறமும் சிறு நட்டுகளை அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பினான். சக்கரம் இரு கம்பிகளுக்கும் நடுவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தோம். முன்பல்சக்கரம் இம்மியும் பிசகாத வட்டமாக இருப்பதில்லை. ஆதலால் ஓரிடத்தில் இறுகும் செயின் வேறிடத்தில் தொய்யும். நான் தொட்டுப் பார்த்தது இறுகிய இடத்தை மட்டுமே! இம்முறை பெடலை முழுச்சுற்றுச் சுற்றி, மிக இறுகும் இடத்தைக் கண்டறிந்து, அங்கே செயின் மேலும் கீழுமாக அரை அங்குலம் அசையும்படி விட்டோம். அந்தத் தளர்வும் இல்லாவிட்டால் செயினும் பேரிங்கும் தேய்ந்துபோகும். இறுதியில் அச்சின் பெரிய நட்டுகளை நன்றாக முடுக்கினான். அட்ஜஸ்டர் சக்கரத்தின் இடத்தைத்தான் காக்கும்; சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பெரிய நட்டுகளே.

நம் வீட்டுச் சைக்கிள்கள் பலவற்றிலும் இதே ஜோடி உண்டு. இருபுறமும் சமமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மறுநாள் அவன் பத்துச் சுற்று ஓட்டினான். மைதானத்து ஓரத்தில் அவன் உம்மாவும் நின்றிருந்தாள். திரும்பும் வழியில்தான் என்னிடம் பேசினாள்.