கடற்கரைக் கல்யாணமும் அக்காவின் கொண்டையும்

ஆண்டு மலர் என்றால் நட்பு, தாய்மை, தன்னம்பிக்கை என்று எழுதுவதுதான் வழக்கம். நான் கொண்டையைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள் நண்பர்களே! ஒரு கொண்டை நிற்பதும் சரிவதும் சிவில் படிக்கிற நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அதில் இருக்கிறது. போகப் போகச் சொல்கிறேன்.

பெண்களின் கூந்தலுக்குத் தமிழில் 'ஐம்பால்' என்றே ஒரு பழைய பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் வந்த பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் சாய்ந்த கொண்டையைப் படத்திலாவது பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்கென்றே நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் இவை எல்லாம் நான்கு சுவருக்கு நடுவே, ஃபேன் காற்றில் நடக்கிற கல்யாணத்துக்குச் சரி. வெட்டவெளியில், கடல் பக்கத்தில், மணலில் நின்று தாலி கட்டிக்கொள்கிற பெண் எப்படித் தலை முடிவது?

இன்று ஈ.சி.ஆர். ரோட்டு ரிசார்ட்டுகளில் கடலைப் பார்த்துப் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்வது வசதி உள்ளவர்களின் புதுப் பழக்கம். எங்கள் ஜனங்களுக்கு அது ரொம்பப் பழசு. நாங்கள் இருளர். மாசி மகத்தின்போது மாமல்லபுரம் கடற்கரையில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் என்று பல மாவட்டத்து இருளர்களும் கூடுவோம். குச்சி நட்டு, புடவையைக் கட்டினால் அதுதான் குடில். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனைச் சமாதானம் செய்து கூப்பிடுகிற திருவிழா இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். விடியற்காலையில் கடலில் முழுகி, மணலில் ஏழு படி கட்டி, பூ, பழம், தேங்காய், வெற்றிலை வைத்துக் கும்பிடுவோம். மொட்டை, காது குத்து, பெயர் வைத்தல், கல்யாணம் எல்லாம் அங்கேயே. மண்டப வாடகை கிடையாது.

2024 மாசி மகத்தில்தான் என் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் ஊர் திருப்புட்குழி. 'புள்' என்றால் பறவை. ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த ஊர் என்று தலபுராணம். அங்கிருந்து காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று பஸ் மாறி மாறித்தான் மாமல்லபுரம் போக வேண்டும்.

அக்கா அரிசி ஆலையில் வேலை செய்தது. காலையில் துண்டைத் தலையில் கட்டினால் ராத்திரிதான் அவிழ்க்கும். அவிழ்த்தால் உமி கொட்டும். அப்படிப்பட்ட அக்கா ஒருநாள், "எனக்குக் கொண்டைதான் போடணும். கலையவே கூடாது" என்றது.

"இன்னாடி இது, சினிமாக்காரி மாதிரி? பின்னிப் பூ வெச்சா போதாதா?" என்று அம்மா கேட்டாள்.

"அது இல்லம்மா. மாசி மகத்துக்கு வர்றவங்க எல்லாம் நம்மளைப் படம் எடுக்கறாங்க. நம்ம படம்னாலே தலை கலைஞ்சிதான் இருக்குது. வேற மாதிரி ஒண்ணு கூட நான் பார்த்ததில்ல. என் கல்யாணத்துல அப்படி எவனும் எடுக்கக் கூடாது."

அம்மா அதற்கு மேல் பேசவில்லை. எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது. கேமரா வைத்திருப்பவர்களுக்குக் கலைந்த தலைதான் அழகு. அந்தத் தலைக்கு உரியவளிடம் யார் கேட்டார்கள்?

அக்காவும் நானும் டவுனில் ஒரு பார்லருக்குப் போனோம். "கடற்கரையில கல்யாணம்" என்றதும் அந்த அம்மா ரிசார்ட் என்று நினைத்து ஆல்பம் எடுத்துக் காட்டினார். சுருள் சுருளாகத் தொங்குகிற கொண்டை, மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். மாசி மகம் என்று சொன்னதும் ஆல்பத்தை மூடிவிட்டார். "அங்கல்லாம் வர மாட்டோம்மா. வேணும்னா முந்தின நாள் சாயங்காலம் வந்து பண்ணிக்கிட்டுப் போங்க."

முந்தின நாள் போட்ட கொண்டை விடியற்காலை முழுக்குத் தாங்குமா? வீடு வந்ததும் யோசித்தேன்.

சூட்டுக் கம்பியில் சுருட்டிய முடி அந்த வடிவத்திலேயே நிற்பதற்கு முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புதான் காரணம். ஈரம் பட்டால் அந்தப் பிணைப்பு விட்டுப்போகும், சுருள் தொங்கிவிடும். முழுகக்கூட வேண்டாம், கடற்கரை ஈரக்காற்றே போதும். 1783-ல் ஸ்விட்சர்லாந்தின் சோஸ்யூர் என்ற விஞ்ஞானி மனித முடியை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி செய்தார். நல்ல ஈரத்தில் முடி சுமார் இரண்டு சதவீதம் நீளும். மூன்றடிக் கூந்தல் என்றால் கிட்டத்தட்ட முக்கால் அங்குலம்! வறண்ட அறையில் இறுக்கிய கொண்டை கடற்கரையில் ஏன் தளர்கிறது என்று புரிகிறதா?

அடுத்தது காற்று. மாசி மாதத்தில் விடியற்காலையில் பொதுவாகத் தரைக்காற்று. நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கடலைப் பார்த்து நிற்கிற பெண்ணுக்கு அது முதுகுப் பக்கம் வரும். முடியை விரித்து விட்டால் முகத்தில்தான் வந்து விழும். வெயில் ஏறிய பிறகு கடல்காற்று எதிரே வரும். அது இன்னும் வேகம். ஆக, விரித்த முடி வேண்டாம், சுருள் வேண்டாம். சூட்டை நம்பாமல் முறுக்கையும் பின்னலையும் நம்புகிற கொண்டைதான் வேண்டும்.

இதை எல்லாம் பெரியம்மாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடமே போகாத பெரியம்மா, "இதுக்கா நோட்டுல எழுதினே?" என்று சிரித்துவிட்டு, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னாள். முந்தின நாள் ஷாம்பு போடக் கூடாது. வழுக்கும், ஊசி நிற்காது. கடலில் முழுகி வந்ததும் துவட்டிவிட்டு, லேசான ஈரத்தோடு அடியில் இறுக்கக் கட்டி, மூன்று காலாகப் பின்னி, பின்னலைச் சுற்ற வேண்டும். உப்புத்தண்ணீர் பட்ட முடி சொரசொரப்பாக இருக்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். நான் பயந்த கடல் தண்ணீரே உதவிக்கு வந்தது!

கொண்டையை எங்கே வைப்பது? உச்சியில் வைத்தால் ஒவ்வொரு தலையாட்டலுக்கும் பூவின் எடையும் சேர்ந்து இழுக்கும். பிடரியில் வைத்தால் நாத்தனார் முடிச்சுப் போடக் கை நுழையாது, மாலையும் உரசும். இரண்டுக்கும் நடுவே, பிடரிக்கு நாலு விரல் மேலே வைத்தோம். ஊசி குத்துவது என் வேலை. சும்மா சொருகினால் வந்துவிடும். கொண்டையின் ஓரத்து முடியைக் கவ்வி, பிறகு உள்பக்கம் திருப்பி, தலையோடு ஒட்டிய முடியையும் பிடிக்க வேண்டும். எதிரெதிராகப் பன்னிரண்டு யூ பின். கம்பி கட்டுகிறவர் பைண்டிங் ஒயரை முறுக்குகிற மாதிரிதான்.

பூவுக்கு முந்தின நாளே காஞ்சிபுரம் பூக்கடைச் சத்திரத்துக்குப் போனோம். அக்காவுக்கு மல்லிகை ஆசை. ஆனால் மல்லிகை சீக்கிரம் பழுத்துவிடும், நிறைய வைத்தால் கனமும் கூட. கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை. ஆனால் எடை கிடையாது, சீக்கிரம் வாடாது. கொண்டையைச் சுற்றி கனகாம்பரம், நடுவில் ஆசைக்கு ஒரு முழம் மல்லிகை என்று பேசி முடித்தோம். பின், ரப்பர், பூ எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்.

அன்று விடியலில் பெரியம்மா டார்ச் பிடிக்க, நான் பின் குத்த, அக்கா மணலில் உட்கார்ந்து அசையாமல் இருந்தது. ஏழு படிக்கு முன்னால் தாலி ஏறியது. கொண்டை அசையவில்லை.

வெயில் ஏறி, காற்றும் திரும்பியபோது பெரிய கேமராவோடு ஒருவர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "கொண்டையைக் கொஞ்சம் அவிழ்த்து விடச் சொல்லுங்க. முடி காத்துல பறந்தா நேச்சுரலா இருக்கும்" என்று என்னிடம் சொன்னார்.

நான் வாய் திறப்பதற்குள் அக்காவே சொன்னது: "இல்லீங்க. இப்படியே எடுக்கறதுனா எடுங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அப்படியே எடுத்தார்.

தோழிகளே, உங்களில் யாருக்காவது, உங்கள் அக்கா தங்கைக்காவது கடற்கரையில் கல்யாணம் என்றால் இதை நினைவில் வையுங்கள். ஷாம்பு வேண்டாம், சுருள் வேண்டாம், பின்னிச் சுற்றுங்கள், பின்னை எதிரெதிராகக் குத்துங்கள், கனகாம்பரம் வாங்குங்கள். படம் எப்படி இருக்க வேண்டும் என்று படத்தில் இருக்கப் போகிறவளைக் கேளுங்கள்.