கேட்காமல் போய் வர ஒரு வண்டி

எழுத்தறிவு இயக்கம் என்றால் சிலேட்டு, கரும்பலகை, அரிக்கேன் விளக்கு. 1988ல் மத்திய அரசு டெல்லியில் தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியபோது எல்லோர் மனதிலும் எழுந்த காட்சி இதுதான். 1991ல் அது 'அறிவொளி' என்ற பெயரில் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தபோது, அ, ஆவன்னாவோடு இன்னொரு பாடமும் சேர்ந்துகொண்டது. சைக்கிள்!

காரணம் எளிமையானது. வறண்ட மாவட்டம். ஊர்களுக்கு இடையே நீண்ட தூரம். எப்போதாவது வரும் பஸ். பாடம் சொல்லித்தர முன்வந்த பெண் தொண்டர்கள் எப்படிப் போய் வருவது? அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்களுக்குச் சைக்கிள் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். தொண்டர்கள் ஓட்டுவதைப் பார்த்து, படிக்க வந்த பெண்களும் கேட்டார்கள். கல் உடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், ஆசிரியைகள், நர்ஸுகள் என்று வரிசை நீண்டது. சைக்கிள் வாங்கப் பெண்களுக்குக் கடன் தரும்படி வங்கிகளையும் கலெக்டர் வற்புறுத்தினார்.

கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுத்தாள். ஒருத்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, இன்னொருத்தி மிதித்தாள். தெருவில் கேலியும் ஆபாசப் பேச்சும் இல்லாமல் இல்லை. ஆனால் ஊரே பங்கேற்ற இயக்கத்தின் பெயரில் நடந்ததால், ஓட்டுகிறவளைத் தடுப்பது கடினமாயிற்று. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

1992 மார்ச் 8, சர்வதேச மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி பறக்க, மணி ஒலிக்க, 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தை வலம்வந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் அந்த அலையில் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்.

அதனால் என்ன மாறியது? அதுவரை ஒரு பெண் பக்கத்து ஊருக்குப் போகவேண்டுமானால் பஸ்ஸுக்குக் காத்திருக்கவேண்டும். பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விட அப்பாவோ, அண்ணனோ, கணவனோ, மகனோ மனம் வைக்கவேண்டும். சைக்கிள் வந்ததும் தண்ணீர்க் குடம், விற்பனைக் கூடை, பள்ளிப் பிள்ளை எல்லாம் அவள் நேரப்படி நகர்ந்தன. வருமானம் கூடியது ஒரு பக்கம். யாரையும் கேட்காமல் கிளம்ப முடிந்தது அதைவிடப் பெரிய விஷயம்.

கிராமத்துப் பெண்ணின் சைக்கிளுக்கு அரசுகள் பின்னர் பணமே ஒதுக்கின. 2006ல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். தமிழகமும் பள்ளி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் வழங்கியது. டெல்லியில் 2019லும், தமிழகத்தின் சாதாரண நகர பஸ்களில் 2021லும் பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம் வந்தது. ஏழைப் பெண்ணுக்கு இது பெரிய சேமிப்பு. ஆனாலும் பஸ், அதன் நேரத்துக்குத்தான் வரும்.

புதுக்கோட்டையில் வண்டிக்கு முன்னால் பயிற்சி வந்தது. இலவசத் திட்டங்களில் வண்டி முதலில் வருகிறது. ஓட்டத் தெரிவது பாதிப் பாடம்தான். செயின் கழன்றால் மாட்ட, பிரேக் தளர்ந்தால் இறுக்க, டியூபைத் தண்ணீரில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துப் பஞ்சர் ஒட்டத் தெரியாவிட்டால், முதல் ரிப்பேரிலேயே வண்டி திண்ணையில் சாய்ந்துவிடும். அவள் மறுபடி யாரையாவது கேட்டு நிற்கவேண்டும். சைக்கிள் கொடுக்கும் பள்ளி எதுவானாலும், ஒரு ஸ்பேனர், ஒரு பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான்கள் வாங்கிவைத்து, ஒரு சனிக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்கலாம். செலவு அதிகம் ஆகாது.