ஒரு அறை தேவை

ராகலை உறவுகளே,

எங்கள் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. கேட்டால், "தம்பியப் பாக்க ஆளில்ல டீச்சர்" என்கிறாள். அம்மா மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலை. செக்ரோலில் பெயர் இல்லையென்று பிள்ளைக் காம்பராவில் தம்பியை எடுக்கவில்லை.

பணமே வராமலில்லை. முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கென்று 2015இல் உலக வங்கி இலங்கைக்கு 5 கோடி டொலர் ஒதுக்கியது. தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா கட்டவும் திருத்தவும் அதில் ஒரு பங்கு. (கடன்தான், கட்டப்போவதும் நாம்தான்.) ஆனால் அந்தக் கட்டடம் தோட்டத்தில் பேர் உள்ளவர்களுக்கு மட்டும் என்றால் கைக்காசுக்காரர் எங்கே போவது?

அதனால் ஆசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு மானிய விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தோம். பிள்ளைகள் தொகை, பகல் சாப்பாடு, பார்த்துக்கொள்ளும் அக்காமாரின் சம்பளம் எல்லாம் எழுதியாகிவிட்டது. "இடம் யாருடையது?" என்ற கட்டத்தில் நின்றுவிட்டோம். லயத்தில் இருப்பவரிடம் ஏது காணி உறுதி?

டவுனில் அறை சும்மா கிடந்தால், மூன்று வருடத்துக்கு வாடகை ஒப்பந்தம் எழுதித் தாருங்கள். வாடகையைக் கணக்கில் போட்டிருக்கிறோம். மாடி வேண்டாம், தவழும் பிள்ளைகள். மாத முடிவுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். இன்பொக்ஸில் சொன்னால் பாடசாலை விட்டதும் வந்து பார்க்கிறோம்.